பழைய வண்டியின் ஸ்டியரிங்கை ஓட்டிப் பார்ப்பது எப்படி?

கோவை, பொள்ளாச்சி, ஈரோடு பக்கத்துப் பட்டறைகளில் பழைய காரைத் தூக்கி நிறுத்துகிறவர்கள், இன்ஜின் ஸ்டார்ட் ஆன அன்றைக்கே எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் அது அவசரம். வண்டி கிளம்பும் என்பது மட்டும்தான் அன்று தெரிகிறது. நேராகப் போகுமா, வளைவில் சொன்னபடி கேட்குமா, குழியில் இறங்கினால் கையைப் பிடுங்குமா என்பதெல்லாம் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஓட்டத்துக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சாக்பீஸ், இஞ்ச் டேப், இன்சுலேஷன் டேப், காலியான இடம், கூடமாட ஒரு ஆள் போதும். வேண்டியது பொறுமைதான். நின்ற இடத்தில் பார்க்கவேண்டியதை முதலில் பார்த்து முடிக்கவேண்டும், அப்புறம் மெதுவாக ஓட்டவேண்டும், வேகம் கடைசியில். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்யவேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று ஆண்டவனுக்கும் தெரியாது.

பேசுவதற்கு வசதியாக, பொள்ளாச்சி நண்பர் ஒருவர் செய்துகொண்டிருக்கும் வண்டியையே எடுத்துக்கொள்கிறேன். அடிச்சட்டம் பழைய ஜீப்புடையது. மகிந்திரா 1949 வாக்கில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இந்தியாவில் கோத்துப் பூட்டத் தொடங்கியது. அந்த வம்சத்து வண்டிகள் இங்கே தோட்டங்களில் ரொம்ப காலம் உழைத்தவை. நண்பர் அந்தச் சட்டத்தின் மேல் 1930களின் சாயலில் இரண்டு பேர் உட்காரும் பாடியை டிங்கரிடம் அடித்து வாங்கியிருக்கிறார். பெட்ரோல் இன்ஜின் போய், கனமான டீசல் இன்ஜின் வந்திருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கும் ஏற்பாட்டைக் கழற்றிவிட்டு, சும்மா உருளும் முன் அச்சு ஒன்றை வேறொரு பழைய வண்டியிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறார். தனித்தனியாக ஒவ்வொன்றும் நல்ல சாமான்தான். ஆனால் எல்லாம் சேர்ந்து எப்படி நடந்துகொள்ளும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்காது. அதனால்தான் இதைச் சோதனை வண்டி என்கிறோம்.

இந்த வண்டியின் முன்பக்கத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். குறுக்கே ஒரே கட்டையான அச்சு. அது இரண்டு பட்டை ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. அச்சின் இரு முனையிலும் கிங்பின். சக்கரம் திரும்புவது அதைச் சுற்றித்தான். ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி, அதாவது ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து, டிராக் லிங்க் என்ற கம்பி ஒரு சக்கரத்துக்குப் போகிறது, அந்தச் சக்கரத்தை அடுத்ததோடு டை ராடு என்ற இன்னொரு கம்பி கட்டிப்போட்டிருக்கிறது. படித்துப் புரியவில்லை என்றால் கோவை அவினாசி சாலையில் இருக்கும் ஜீடி கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். எல்லாரும் பெயின்டையும் விளக்கையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் குனிந்து முன் அச்சைப் பாருங்கள்.

நின்ற இடத்தில்

முதல் கேள்வி பிளே. ஸ்டியரிங்கை எவ்வளவு ஆட்டினால் சக்கரம் அசையத் தொடங்குகிறது? மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி, ஸ்டியரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் பிளே இருக்கக்கூடாது என்கிறது. கேட்கக் கடுமையாகத் தோன்றும். ஆனால் 17 இன்ச் வீலில் கணக்குப் போட்டால் விளிம்பில் 11 செ.மீ.க்கு மேல் வரும். அவ்வளவு ஆட்டம் உள்ள வண்டியில் சோதனை ஓட்டம் போவது வீண் வேலை. வண்டி சொல்கிற எதுவும் கைக்கு வந்து சேராது. விளிம்பில் ஒரு இன்ச் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு மேலே போவது நல்லது.

பிளே இருக்கிறது என்றதும் பட்டறையில் வரும் முதல் யோசனை, "பாக்ஸ் திருகை அரைச் சுத்து டைட் பண்ணிட்டாச் சரியாப் போயிருமுங்க" என்பதாக இருக்கும். "அதெல்லாம் வேண்டாமுங்க, மொதல்ல கீழ பாத்தரலாம்" என்று நயமாகச் சொல்லிவிடுங்கள். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது? அதனால் பாக்ஸுக்குள் பற்கள் நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். நடுவில் ஆட்டம் போகும்வரை திருகினால், தேயாத இரண்டு ஓரங்களிலும் பாக்ஸ் இறுகிக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வராது. தளர்ச்சியைவிட இது ஆபத்து.

அதனால் கூட இருப்பவரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் கையை வைத்துப் பாருங்கள். மூட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால் விரலிலேயே தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூடக் கைக்குத் தெரியும். அடுத்து சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் உதவியாளரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். சத்தம் நின்றுவிட்டால் குற்றம் வீல் பேரிங்கில், நிற்காவிட்டால் கிங்பின்னில். கிங்பின் புஷ் போயிருந்தால் புதிது கடைந்து போட்டுக்கொள்ளலாம். கோவையில் லேத்துக்கா பஞ்சம்?

அப்புறம் டோ-இன். முன் சக்கரங்கள் மேலிருந்து பார்க்கும்போது முன்புறத்தில் ஒரு பொட்டு நெருங்கியிருப்பதுதான் அது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு, டயரின் நடுவில் சாக்பீஸைப் பிடித்தால் ஒரு வெள்ளைக் கோடு விழும். இரண்டு டயரிலும் போட்டுக்கொண்டு, வண்டியை இறக்கி, ஓரடி முன்னால் உருட்டி நிறுத்துங்கள். கோட்டுக்குக் கோடு, அச்சின் உயரத்தில் முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு. பின்னளவிலிருந்து முன்னளவைக் கழித்தால் டோ-இன். இந்த மாதிரி அச்சுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருந்தால் போதும். கணக்கு நெகட்டிவாக வந்தால், அதாவது சக்கரங்கள் முன்னால் விரிந்திருந்தால், வண்டி நேர்ரோட்டில் அலைபாயும்.

கேஸ்டர்: எல்லாவற்றுக்கும் வேர்

ஆரம்பக்காரர்கள் ஒரே ஒரு விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ளவேண்டும் என்றால், என் ஓட்டு கேஸ்டருக்குத்தான். சைக்கிளைப் பக்கவாட்டில் பாருங்கள். ஹேண்டில்பார் தண்டு மேலே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வை அப்படியே கோடாகத் தரைக்கு நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். அதாவது டயர் தன் திருப்பு அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது. இழுபட்டு வருகிற சக்கரம் தானாகவே நேராகிக்கொள்ளும்; கையை விட்டு சைக்கிள் ஓட்ட முடிவதில் இதற்கும் பங்கு உண்டு. காரிலும் கிங்பின்னை இதே மாதிரி மேல்முனை பின்னால் சாயும்படி வைக்கிறார்கள். அந்தச் சாய்வுதான் கேஸ்டர். ஜீப்புக்கு வில்லிஸ் கொடுத்த அளவு 3 டிகிரி. 35 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்தில் 3 டிகிரி என்றால் அந்த இழுபடும் தூரம் 18 மி.மீ.தான். அந்தப் பதினெட்டு மில்லிமீட்டரை நம்பித்தான் வண்டி நேராகப் போகிறது.

இப்போது டீசல் இன்ஜினுக்கு வருவோம். கனம் கூடியதும் வண்டியின் மூக்கு இறங்குகிறது. 2 மீட்டர் வீல்பேஸில், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2 மீட்டர் உள்ள வண்டியில், முன்பக்கம் 4 செ.மீ. இறங்கினால் வண்டியே 1 டிகிரிக்கு மேல் முன்னால் குனிந்துவிடும். கேஸ்டரில் அந்த அளவு அப்படியே போய்விடும். 3 டிகிரியில் 1 டிகிரி போவது சின்ன விஷயமில்லை. இன்ஜின் மாற்றிய பிறகு ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதில்லை என்று புகார் சொல்கிறவர்கள் அலைன்மென்ட் சென்டருக்குப் போய் டோ-இன்னை மட்டும் சரிபார்த்துவிட்டு வருவார்கள். அதனால் ஒன்றும் ஆகாது.

இதற்கு மருந்து ஆப்பு. ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் வைக்கும் சாய்வான இரும்புத் தகடு. அச்சு ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் வண்டியில், ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் வரும்படி வைத்தால் கிங்பின் பின்னால் சாயும், கேஸ்டர் கூடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு ஆப்பு வைக்கவேண்டும், அச்சை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட்டை முறுக்கிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி ஒருமுறை முறுக்கவேண்டும். ஆப்பு வைப்பதற்கு முன்னால் இறங்கிப்போன பட்டைகளைச் சரிசெய்வது முறை. நிறைய வைத்தால் நல்லதுதானே என்றும் போய்விடக்கூடாது. கேஸ்டர் கூடக்கூட மெதுவாகத் திருப்பும்போது கை கனக்கும், சக்கரம் நடுங்கும் வாய்ப்பும் கூடும்.

எங்கே ஓட்டுவது

அவினாசி சாலையில் வேண்டாம். சட்டப்படியும் வேண்டாம். வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் தனி வின்டேஜ் பதிவு வந்தது, எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு. ஆனால் அடிச்சட்டத்தையோ பாடியையோ இன்ஜினையோ பெரிதாக மாற்றிய வண்டி அதில் சேராது. நம் நண்பரின் வண்டிக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது என்று பொருள். அவரவர் தோட்டத்துக்குள், நூற்பாலை வளாகத்துக்குள், சந்தை கூடாத நாளில் அனுமதி வாங்கிச் சந்தைத் திடலில் என்று தனி இடம் பார்த்துக்கொள்ளவேண்டியதுதான். வசதி இருந்தால் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. கோவையில் பந்தயக் கார்களை வடிவமைத்த கரிவர்தனின் பெயரைத் தாங்கிய சுமார் 2 கி.மீ. ஓடுதளம். நடுரோட்டில் ஜல்லி லாரிக்கு வழிவிட்டுக்கொண்டே ஸ்டியரிங்கைக் கவனிக்க யாராலும் முடியாது.

ஓட்ட உட்காரும்முன் ஒன்று: கட்டைவிரலை வீலுக்குள் ஸ்போக் பக்கம் விடாதீர்கள். விளிம்பின் மேலே இருக்கட்டும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி கல்லில் ஏறினால் வீல் திருப்பி அடிக்கும், கட்டைவிரல் போய்விடும்.

செம்மண்ணில் முதல் ஓட்டம்

முதல் ஓட்டத்துக்கு நம் ஊர்ச் செம்மண்ணைவிட நல்ல தளம் இல்லை. கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மண் பதமானதும், ஸ்டியரிங்கை ஒருபக்கம் முழுக்கத் திருப்பி நடை வேகத்தில் ஒரு வட்டம் போடுங்கள். இறங்கித் தடத்தைப் பாருங்கள். டயரின் கட்டம் அச்சுப் போட்ட மாதிரித் தெளிவாக விழுந்திருந்தால் சரி. தடம் ஒருபக்கமாக வழித்து, கட்டம் அழிந்து, ஓரத்தில் மண் ஒதுங்கியிருந்தால் சக்கரம் உருளவில்லை, தேய்த்துக்கொண்டு போகிறது.

காரணம் எளிது. வளைவில் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்தில் போகிறது, வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்தில். ஆகவே உள்சக்கரம் அதிகம் திரும்பவேண்டும். கிங்பின்களுக்கு நடுவே 1.2 மீட்டரும் வீல்பேஸ் 2 மீட்டரும் உள்ள வண்டியில், வெளிச்சக்கரம் 28 டிகிரி திரும்பினால் உள்சக்கரம் சுமார் 38 டிகிரி திரும்பவேண்டும். இந்த ஏற்பாட்டை மூனிக் நகரத்து வண்டி செய்பவரான லாங்கென்ஸ்பெர்கர் குதிரை வண்டிக்காகக் கண்டுபிடித்தார். லண்டனில் அவர் சார்பாக 1818இல் காப்புரிமை எடுத்த ஆக்கர்மேனின் பெயர்தான் நிலைத்தது. டை ராடு மாட்டும் கைகள் பின் அச்சின் நடுவை நோக்கிச் சாய்ந்திருப்பதால் இது நடக்கிறது. வேறு வண்டியின் அச்சைக் குட்டையான சட்டத்தில் மாட்டினால் அந்தக் கணக்கு தப்பிவிடும். கொஞ்சம் தப்பினால் பரவாயில்லை. மெதுவாகத் திருப்பும்போது டயர் கிறீச்சிடும், அவ்வளவுதான். தடம் நிறைய வழித்திருந்தால் டை ராடு மாட்டும் அந்தக் கைகளை மாற்றவேண்டியதுதான்.

இருபதிலிருந்து நாற்பதுக்கு

இப்போது ஸ்டியரிங் வீலின் உச்சியில், சக்கரங்கள் நேராக இருக்கும்போது, இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். இனி எல்லாவற்றையும் அந்த டேப் காட்டிக்கொடுக்கும்.

மணிக்கு 20 கி.மீ.யில் ஒரு வளைவு திரும்பி, வெளியே வரும்போது பிடியைத் தளர்த்துங்கள்; கை விளிம்பை ஒட்டியே இருக்கட்டும். டேப் தானாக மேலே வரவேண்டும். பாதியில் நின்றுவிட்டால் கேஸ்டர் குறைவு, அல்லது எங்கோ இறுக்கம். எது என்று எப்படித் தெரியும்? முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் கனமாக இருந்தால் இறுக்கம். லகுவாக இருந்தால் கேஸ்டர்.

நேராக ஓட்டும்போது வண்டி இடதுபக்கம் ஒதுங்கினால் உடனே குற்றம் சாட்டாதீர்கள். மழைநீர் வடிய ரோடு நடுவில் மேடாக, ஓரத்தில் சரிவாக இருக்கும். இடதுபக்கம் ஓட்டும் நாட்டில் எல்லா வண்டியும் கொஞ்சம் இடப்பக்கம்தான் இழுக்கும். மூடிய இடத்தில் அதே ரோட்டின் வலது ஓரத்தில் ஓட்டிப் பாருங்கள். அப்போது வலப்பக்கம் இழுத்தால் ரோட்டின் சரிவு. அப்போதும் இடப்பக்கமே இழுத்தால் வண்டியில் குறை. டயர் காற்று, ஒட்டிப் பிடிக்கும் பிரேக், ஒருபக்கம் ஒடிந்த ஸ்பிரிங் என்று இந்த வரிசையில் பாருங்கள். காற்றில் முடிந்துவிட்டால் செலவு மிச்சம்.

வேகத்தடையை அரக்கர்கள் கட்டிய மாதிரி இருக்கிறது என்று திட்டுகிறோம், சோதனைக்கு அது வரம். நேராகப் பிடித்து மெதுவாக ஏறி இறங்குங்கள். ஏறும்போது டேப் ஒருபக்கம் போய் இறங்கும்போது திரும்பி வந்தால் அது பம்ப் ஸ்டியர். ஸ்பிரிங் அமுங்கும்போது அச்சு ஒரு வில்லில் நகர்கிறது, டிராக் லிங்கின் நுனி வேறொரு வில்லில் நகர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத தூரம் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும். மூக்கு இறங்கிய வண்டியில் டிராக் லிங்க்கின் சாய்வு மாறிப்போவதால் இது புதிதாக முளைக்கும். பட்டறையிலேயே பார்க்கலாம்: இரண்டு பேர் முன் பம்பரில் ஏறிக் குதித்தால் ஸ்டியரிங் தானாக ஆடும்.

40ஐத் தாண்டும்போது முன்பக்கம் படபடவென்று உதற ஆரம்பித்தால் அது ஷிம்மி. கட்டை அச்சுக்கே உள்ள நோய். ஒரு சக்கரம் மேலே ஏறினால் அச்சு சாய்கிறது. சுழலும் சக்கரத்தைச் சாய்த்தால் அது பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். ஒன்று மற்றதைக் கிளப்பிவிடும். பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை விட்டு வேகம் குறையவிடுங்கள். தேய்ந்த கிங்பின், பேலன்ஸ் இல்லாத சக்கரம், மிகைக் கேஸ்டர், இவற்றில் ஒன்றோ இரண்டோ இருக்கும். இதை அடக்க ஷாக் அப்சார்பர் மாதிரியான ஸ்டியரிங் டேம்பர் மாட்டுவார்கள். மாட்டலாம், ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு. பவர் ஸ்டியரிங் கிட்டைப் பற்றியும் இதே கருத்துதான். கனத்தை மறைக்கும், கைக்கு வரும் செய்தியையும் சேர்த்து மறைக்கும்.

வட்டத்தில் ஓட்டினால் குணம் தெரியும்

நேர்ரோட்டுக் குறைகள் தீர்ந்தபின்தான் ஹேண்ட்லிங், அதாவது வளைவில் வண்டி நடந்துகொள்ளும் விதம். சிமென்ட் அல்லது தார்த் தளத்தில் ஒரு முளை அடித்து, 15 மீட்டர் கயிற்றைக் கட்டி, சுண்ணாம்பால் வட்டம் போடுங்கள். ஒரு சுற்று 94 மீட்டர். ஸ்பீடோமீட்டரை நம்பவேண்டாம், கைக்கடிகாரம் போதும்: 17 விநாடியில் சுற்றினால் மணிக்கு 20 கி.மீ., 13.6 விநாடி என்றால் 25. அதற்கு மேல் வேண்டாம். 25 கி.மீ.யிலேயே பக்கவாட்டில் தள்ளும் விசை வண்டி எடையில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்.

மிக மெதுவாகப் போகும்போது இந்த வட்டத்துக்கு முன் சக்கரம் சுமார் 7½ டிகிரி திரும்பியிருக்கும். டேப் எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்தவர் குறித்துக்கொள்ளட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டி, அதே கோட்டில் ஓட்டுங்கள். வேகம் கூடக்கூட ஸ்டியரிங்கை இன்னும் திருப்பவேண்டியிருந்தால் அண்டர்ஸ்டியர்: முன் டயர்கள் முதலில் வழுக்கத் தொடங்குகின்றன. குறைத்துத் திருப்பவேண்டியிருந்தால் ஓவர்ஸ்டியர்: பின்பக்கம் வெளியே போகிறது. லேசான அண்டர்ஸ்டியர் பத்திரமானது. பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் வண்டி உள்ளே வந்துவிடும். ஓவர்ஸ்டியரில் பழக்கமில்லாதவர் சுழன்றுவிடுவார்.

டீசல் இன்ஜின் முன்னால் உட்கார்ந்த நம் வண்டி அண்டர்ஸ்டியர்தான் காட்டும், அதுவும் கொஞ்சம் அதிகமாக. பேட்டரியையும் ஸ்டெப்னியையும் பின்னால் கொண்டுபோவது, முன் டயரில் இரண்டு மூன்று பவுண்டு காற்றுக் கூட்டுவது என்று ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு தடவையும் அதே வட்டத்தில் அளக்கவேண்டும். எடையை இடம் மாற்றிப் பார்ப்பது பழைய வழிதான். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த காடிலாக்கில் மோரிஸ் ஆலி என்ற பொறியாளர், முன்னும் பின்னும் எடைகளை நகர்த்தக்கூடிய சோதனைக் கார் ஒன்றைச் செய்து ஓட்டிப் பார்த்தார். அவருடைய அக்கறை அப்போது பயண சுகத்தைப் பற்றியது. அந்த வேலை போன போக்கில்தான் 1934இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் கட்டை அச்சு போய் இரு முன் சக்கரமும் தனித்தனியாக ஆடும் அமைப்பு வந்தது.

டயரில் ஒரு எச்சரிக்கை. இழைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும் பழைய கிராஸ்பிளை டயரையும், இழைகள் நேர்குறுக்காகப் போகும் ரேடியல் டயரையும் கலந்து போடாதீர்கள். ரேடியல் வளைவில் அதிகம் பிடிக்கும். முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்பிளை என்று போட்டால் பின்பக்கம் முதலில் விட்டுவிடும், நாம் கேட்காத ஓவர்ஸ்டியர் வந்து நிற்கும்.

மலை ஏறுவது கடைசி. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. பதிவும் பிரேக்கும் ஒழுங்கான வண்டிக்குத்தான் அது. அங்கே தெரியவருவது ஸ்டியரிங்கின் கனமும் முழுத் திருப்பும். ஹேண்ட்லிங்கைக் கண்டுபிடிக்க மலைக்குப் போகவேண்டியதில்லை.

காற்றுச் சோதனைக்கு மட்டும் கொங்கு நாட்டைவிட நல்ல இடம் கிடைக்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற பூமியில் பழைய பாடி என்ன பாடுபடும்? பக்கக்காற்று வாங்கும் திறந்த வெளியில் 40இல் நேராக ஓட்டி, மரம், கட்டடம் என்று மறைப்பு வரும்போதும் விலகும்போதும் டேப் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். விரல் அகலம் நகர்ந்து வண்டி கோட்டில் நின்றால் போதும். கையளவு திருத்தவேண்டி வந்தால் வேகத்தைக் குறைத்துத் திரும்பி வந்து, பின் டயர் காற்றையும் பின் ஸ்பிரிங் புஷ்களையும் பாருங்கள். புஷ் தளர்ந்த பின் அச்சு, காற்று தள்ளும்போது கொஞ்சம் திரும்பிக்கொண்டு பின்னாலிருந்து வண்டியைத் திருப்பும். முன்பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது.